அவைத்தலைவர் இசைந்தால் தமிழ்!

தமிழ்நாட்டின் பேராளராகத் தில்லி மாநிலங்களவையில் அமர்ந்திருக்கும் ஒருவர், ஆங்கே எழுந்து தம் தாய்மொழியில் நான்கு சொற்றொடர் பேச வேண்டுமானால், அதற்கு ஒருவருடைய இசைவு வேண்டும். அவ்வொருவர் அமைச்சர் அல்லர், தலைமையமைச்சரும் அல்லர், அவ்வவையின் உறுப்பினர்கூட அல்லர். உயர்ந்த இருக்கையிலிருந்து அவையை நடத்தும் அவைத்தலைவரே அவர்.

இது வழக்கத்தால் வந்த கட்டு அன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 120ஆம் பிரிவிலேயே எழுதிவைக்கப்பட்டுள்ளது. நாடாளுமன்றத்தின் நடவடிக்கைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என்று அப்பிரிவு முதலில் வரையறுக்கிறது. அதன்பின் ஒரு சலுகையை இணைக்கிறது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைப் போதிய அளவு வெளிப்படுத்த இயலாத உறுப்பினர் எவரேனும் இருப்பின், அவர் தம் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் இசைவளிக்கலாம் என்பது அச்சலுகை.

‘இயலாத’ என்ற சொல்லையும் ‘அளிக்கலாம்’ என்ற சொல்லையும் தமிழர் சற்றே நின்று நோக்க வேண்டும். இந்திக்காரர் தம் மொழியில் பேசுவது அவருடைய பிறப்புரிமை. தமிழர் தம் மொழியில் பேசுவதோ, ‘எனக்கு மற்ற இரண்டும் வராது’ என்று தம் இயலாமையை ஒப்புக்கொண்ட பின், இன்னொருவர் மனமிரங்கித் தரும் சலுகை. அதையும் அவர் தந்தே ஆகவேண்டும் என்பதில்லை, தரலாம், அவ்வளவே.

அறிஞர் அண்ணா 1962 முதல் 1967 வரை அவ்வவையில் உறுப்பினராக இருந்தார். தமிழ் மேடையில் அவர்க்கு இணை சொல்வார் அக்காலத்தில் அரியர். ஆயினும் தில்லியில் அவர் முழங்கியது ஆங்கிலத்தில்தான். இந்தியை எதிர்த்து, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி வேண்டும் என்று வழக்காடியதையும் அவர் ஆங்கிலத்தில்தான் செய்தார். அவர் விரும்பியிருந்தாலும், சட்டத்தை எழுத்துக்கு எழுத்துக் கொண்டால், தமிழில் பேசும் இசைவு அவர்க்குக் கிடைத்திருக்கவே முடியாது. ஏனெனில் அவர் ஆங்கிலம் நன்கறிந்தவர்! இன்னொரு மொழியைக் கற்ற குற்றத்திற்காகத் தாய்மொழி உரிமையை இழப்பதென்பது உலகில் வேறெங்குள்ள முறையோ, தெரியவில்லை.

நடைமுறையில் எந்தத் தலைவரும் இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்வதில்லை, கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்று சிலர் அமைதி கூறுவர். இருக்கலாம். கொடுப்பவர் நல்லவராக இருப்பதால் இரப்பு உரிமையாகிவிடாது. அவர் நல்லவராக இருக்கும் வரைதான் அது கிடைக்கும் என்பதே அதன் பொருள்.

ஆங்கிலத்தின் நிழலும் நிலையானதன்று

ஆங்கிலம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கும் தமிழரும் உளர். அவர்கள் அதே 120ஆம் பிரிவின் அடுத்த பகுதியைப் படித்திலர். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டு கழிந்ததும், நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்தாலன்றி, ‘ஆங்கிலத்திலோ’ என்ற சொல் அப்பிரிவினின்று தானே உதிர்ந்துவிடும் என்று அப்பகுதி கூறுகின்றது. 1965இல் அது உதிராமல் நின்றது 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால். தமிழ்நாடு தீப்பற்றி எரிந்த பின், 1967இல் அச்சட்டத்தில் ஒரு பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசைந்து முடிவு செய்யும் வரை ஆங்கிலத்தை நீக்குதல் கூடாது என்பது அது. நேரு தந்த உறுதிமொழி சட்டமாகிவிட்டது என்று அன்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் அப்பாதுகாப்பு எவற்றுக்கெல்லாம் என்று 3ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைப் பார்த்தால், நடுவணரசின் அலுவல்களுக்கான கூறு அதில் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கான கூறு பெயர் சொல்லப்படவில்லை. அலுவலக மடலில் ஆங்கிலத்தை நீக்க இந்தி ஏற்காத மாநிலங்கள் எல்லாம் ஒப்ப வேண்டும். நாடாளுமன்றத்தின் பேச்சில் நீக்குவதற்கோ அம்மாநிலங்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டு அச்சட்டத்தில் இல்லை. அப்படி ஒருநாள் நீக்கப்பட்டால் தமிழ் உறுப்பினர்க்கு எஞ்சுவன இரண்டே: ஒன்று இந்தி, மற்றொன்று அவைத்தலைவரின் இசைவு. ஆகலின், அந்த இருக்கையில் அமர்பவர் யார், அவரை அமர்த்துபவர் யார் என்பது தமிழர்க்குப் புறத்தே உள்ள செய்தி அன்று.

மாநிலங்கள் தேராத மாநிலங்களவைத் தலைவர்

அவ்வவையின் பெயர் மாநிலங்களவை. மாநிலங்களின் குரலை நடுவணில் ஒலிப்பதற்கென்றே அமைந்ததாகப் பாடநூல்கள் கூறும். ஆனால் அதன் தலைவரை மாநிலங்கள் தேர்வதில்லை. அவையின் உறுப்பினர்களும் தங்களுள் ஒருவரைத் தேர்வதில்லை. குடியரசுத் துணைத்தலைவராக வருபவர் எவரோ அவரே, அப்பொறுப்பின் வழியாக, அவைத்தலைவரும் ஆகிவிடுகிறார். சுவையான செய்தி என்னவென்றால், குடியரசுத் துணைத்தலைவர் என்ற பொறுப்புக்குத் தனியே சம்பளம் கிடையாது. 2018 முதல் திங்களுக்கு 4 இலக்க உருபா என்று அவர் பெறும் ஊதியம் முழுவதும் அவைத்தலைவர் என்ற பணிக்குத்தான். ஊதியம் அவைக்காக, தேர்வோ அவையால் மட்டுமன்று.

குடியரசுத் தலைவர் தேர்தலிலேனும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்க்கு ஒப்போலை உண்டு. துணைத்தலைவர் தேர்தலில் அதுவும் இல்லை. நாடாளுமன்றத்தின் ஈரவை உறுப்பினரும் சேர்ந்து அவரைத் தேர்கின்றனர். 2025 செபுதம்பர் 9ஆம் நாள் நடந்த தேர்தலில் ஒப்போலை உரிமையுடையோர் 781 பேர். அவருள் 542 பேர் மக்களவையினர். 239 பேரே மாநிலங்களவையினர். மாநிலங்களவைக்கு யார் தலைவராவார் என்பதை மக்களவைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டா. மக்களவையில் எக்கட்சி ஆள்கிறதோ அக்கட்சியின் ஆளே இவ்வவையின் நடுவர். பேராயக் கட்சி ஆண்ட காலத்திலும் இதுவே நடந்தது. பாரதிய சனதா ஆளும் காலத்திலும் இதுவே நடக்கிறது.

கூட்டாட்சி என்று பெயர் சொல்லும் பிற நாடுகளில் இப்படியா? செருமனியில் மாநிலங்களின் பேரவைத் தலைமை ஆண்டுக்கு ஒரு மாநிலமாக முறைவைத்துச் சுழல்கிறது. 1950இல் மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. பதினாறு மாநிலங்களில் பெரியதும் சிறியதும் தத்தம் ஆண்டு வந்ததும் தலைமையிருக்கையில் அமரும். ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே அங்கு அவைத்தலைவர். ஆத்திரேலியாவில் மேலவையினர் தங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்கின்றனர். அவர்க்கு மற்ற உறுப்பினர் போலவே ஓர் ஒப்போலை. இரு பக்கமும் சமமானால் முன்மொழிவு தோற்றதாகும். முடிச்சவிழ்க்கத் தனி ஒப்போலை இல்லை. அந்நாட்டில் ஆறு மாநிலங்களுக்கும் தலைக்குப் பன்னிரண்டு இடம். இங்கே உத்தரப்பிரதேசத்திற்கு 31, தமிழ்நாட்டிற்கு 18 என்பதை இடையே நினைத்துக்கொள்க. ஆங்கிலேயரின் பெருமக்களவையிலோ 2006 முதல் அவையினரே தேர்ந்த தலைவர் இருக்கிறார். ஆனால் இன்னார் பேசுக, இன்னார் அமர்க என்று ஆணையிடும் வலிமை அவர்க்கு இல்லை. அவையினர் தங்களைத் தாங்களே நெறிப்படுத்திக்கொள்கின்றனர்.

அவ்வளவு தொலைவு போக வேண்டா. 1986 நவம்பர் முதல் நாளோடு முடிந்துபோன தமிழ்நாட்டு மேலவைகூடத் தன் தலைவரைத் தன் உறுப்பினருள்ளிருந்து தானே தேர்ந்துகொண்டது. அதன் கடைசித் தலைவர் ம.பொ.சி. தனித்தமிழ் அன்பர்க்கு அவரோடு மாறுபாடுகள் பல உண்டு என்றாலும், அவ்வவை தானே தேர்ந்த அதன் உறுப்பினர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு மாநில மேலவைக்கு இருந்த தன்னுரிமை, மாநிலங்களுக்கெல்லாம் பொதுவென்று சொல்லப்படும் பேரவைக்கு இல்லை.

அமர்த்துவதில்தான் உரிமை இல்லை, விலக்குவதிலேனும் உண்டா? மாநிலங்களவை உறுப்பினர் அனைவருள்ளும் பெரும்பான்மையினர் விலக்கவேண்டும் என்று முடிவு செய்தாலும், மக்களவையும் அதற்கு ஒப்ப வேண்டும். பதினான்கு நாள் முன்னறிவிப்பும் வேண்டும். 2024 திசம்பர் 10ஆம் நாள் எதிர்க்கட்சி உறுப்பினர் அறுபதின்மர் அளவில் அவைத்தலைவர் சகதீப் தன்கரை விலக்கக் கோரி அறிவிப்புக் கொடுத்தனர். துணைத்தலைவர் அரிவன்சு அதனைத் திசம்பர் 19ஆம் நாள் தள்ளினார். கூட்டத்தொடர் முடிய ஒரு நாளே இருந்தது. பதினான்கு நாளுக்கு எங்கே போவது? இதற்கு நான்காண்டு முன்பு, 2020 செபுதம்பரில், அதே துணைத்தலைவர் மீது நம்பிக்கையின்மை அறிவிப்பு வந்தபோது, அதனை அன்றைய அவைத்தலைவர் வெங்கையா இதே பதினான்கு நாள் கணக்கையும் காட்டித் தள்ளியிருந்தார். துணைத்தலைவர் மேல் வந்த முறையீட்டைத் தலைவர் தள்ளுகிறார். தலைவர் மேல் வந்த முறையீட்டைத் துணைத்தலைவர் தள்ளுகிறார்!

கேட்ட குரலும் கேளாத குரலும்

அவைத்தலைவரின் பணிகளுள் மிக எளியதாகத் தோன்றுவதும், உண்மையில் மிக வலியதும், குரலைக் கேட்பது. ‘ஆம்’ என்போர் குரல் மிகுந்ததா, ‘இல்லை’ என்போர் குரல் மிகுந்ததா என்று செவியால் அளந்து சொல்பவர் அவர். அவருடைய செவியில் ஐயம் கொண்டு எவரேனும் எண்ணிக்கை வேண்டுமென்றால், எண்ணுவதே மரபு; அதுவே நெறி.

2020 செபுதம்பர் 20ஆம் நாள், உழவர் விளைபொருள் விற்பனை பற்றியதும், ஒப்பந்த வேளாண்மை பற்றியதுமாகிய இரு சட்ட வரைவுகள் மாநிலங்களவைக்கு வந்தன. அவற்றை ஆய்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்மொழிந்தோருள் தமிழ்நாட்டின் திருச்சி சிவா ஒருவர். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். இருக்கையில் அமர்ந்திருந்தவர் துணைத்தலைவர் அரிவன்சு. எண்ணப்படவில்லை, குரல் ஒப்பிலேயே இரு வரைவுகளும் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டன. அவையில் கூச்சலும் குழப்பமும் இருந்தன, கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று பின்னர்க் கரணியம் கூறப்பட்டது. இருக்கையிலிருந்தே கேட்டோம் என்று கேட்டவர் கூறினர். அவையின் ஒளிப்பதிவைக் கொண்டு செய்தித்தாள்களும் எழுதின. மறுநாள் எண்மர் அக்கூட்டத்தொடர் முடியும் வரை இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அக்குரல் ஒப்பின் விளைவு என்ன? உழவர்கள் ஓராண்டுக் காலம் தில்லியின் எல்லைகளில் வெயிலிலும் பனியிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29ஆம் நாள் அச்சட்டங்களை நீக்கும் சட்டத்தை அதே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே நாளில்தான் மாநிலங்களவையில் பன்னிருவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அதுவும் முந்தைய கூட்டத்தொடரில் நடந்த செயலுக்காக! சென்ற தொடரின் குற்றத்திற்கு இத்தொடரில் தண்டனை தரலாமா என்ற கேள்வி அவையில் எழுந்தது, கேள்வியாகவே நின்றது.

அவையில் ஒழுங்கு வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். மேசைமேல் ஏறுவதும் தாள்களைக் கிழித்தெறிவதும் பேச்சு ஆகா. ஒரு மாநிலத்தின் குறையைச் சொல்ல வந்தவர் கூச்சலில் அதைக் கரைத்துவிட்டால் இழப்பு அம்மாநிலத்திற்கே. ஆனால் ஒழுங்கென்பது உறுப்பினர்க்கு மட்டும் உரியதன்று. எண்ணச் சொன்னால் எண்ணுவது, இருக்கையில் இருப்பவருக்குரிய ஒழுங்கு. அவர் அதனைத் தவறவிட்டால், அவரைப் பெயர் சொல்லி வெளியேற்றும் விதி எதுவும் அவ்விதி நூலில் இல்லை. உறுப்பினரைப் பெயர் சொல்லும் உரிமையோ அவரிடம் இருக்கிறது. அவர் பெயர் சொன்னதும் ஆளுங்கட்சி முன்மொழியும், பெரும்பான்மை ஒப்பும், உறுப்பினர் வெளியே நிற்பார்.

2023 திசம்பரில் இது பெருவெள்ளமாயிற்று. ஈரவையிலுமாக 146 உறுப்பினர் வெளியேற்றப்பட்டனர். அவருள் 46 பேர் மாநிலங்களவையினர். தமிழ்நாட்டினரும் அதில் அடங்குவர். அவர்கள் வெளியே நின்ற அவ்வேளையில்தான் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றப்பட்டன. திசம்பர் 21ஆம் நாள் மாநிலங்களவை அவற்றை நிறைவேற்றியது. அவற்றின் பெயர்களைத் தமிழர் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும்: பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா, பாரதிய சாக்சிய அதிநியம். ஆங்கில வடிவிலும் அவற்றின் பெயர் இவைதாம். சிற்றூர்க் காவல்நிலையத்தில் முறையீடு கொடுக்கப் போகும் தமிழ்க்கிழவி, தன் வழக்கு எச்சட்டத்தின் கீழ் வருகிறது என்று கேட்டால், வடமொழியில் விடை வரும். இப்பெயரை வைக்கும்போது, ‘இது எங்கள் மக்களுக்கு விளங்காது’ என்று அவைக்குள் நின்று சொல்லியிருக்க வேண்டியவருள் பலர் வாயிற்படியில் நின்றனர்.

ஓர் அறிவிப்பால் ஆனதும் ஆகக்கூடியதும்

அவைத்தலைவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், மொழியில் அவரால் என்ன செய்துவிட முடியும் என்று அடுத்து வினவுவர். 1954 ஆகத்து 23ஆம் நாள் நடந்ததை அவர்க்கு எடுத்துக்காட்டலாம். அதுவரை அவ்வவை ஆங்கிலத்தில் மாநிலங்களின் பேரவை என்ற பொருள்படும் பெயராலேயே வழங்கியது. அன்று, ‘இனி இதன் இந்திப் பெயர் இராச்சிய சபா’ என்ற அறிவிப்பு அவைத்தலைவரின் இருக்கையிலிருந்து வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில எழுத்தில் அப்பெயர் இன்றும் மாறவில்லை. இருக்கையிலிருந்து வந்த ஓர் அறிவிப்பு, எழுபது ஆண்டாக எல்லார் வாயிலும் இந்திப் பெயரை ஏற்றிவைத்துவிட்டது. இந்திக்கு ஓர் அறிவிப்பு இவ்வளவு செய்யுமாயின், மற்ற மொழிகளுக்கு அறிவிப்பு எதுவும் செய்யாது என்பது எங்ஙனம்?

செய்திருக்கிறது என்பதையும் மறைத்தல் கூடாது. வெங்கையா அவைத்தலைவராக இருந்தபோது, 2018 சூலையில், எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் உறுப்பினர் பேசவும், உடனுக்குடன் அது மொழிபெயர்க்கப்படவும் ஏந்துகள் செய்யப்பட்டன. அது நற்செயல், செய்தவரைப் பாராட்டலாம். அதற்குமுன் 2017 திசம்பரில் அவர் இன்னொன்றும் செய்தார். அமைச்சர்கள் தாள்களை அவையில் வைக்கும்போது ‘இரந்து வைக்கிறேன்’ என்ற பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரைச் சொல்லிவந்தனர். விடுதலை பெற்ற நாட்டில் எவரும் இரக்க வேண்டா, அத்தொடரை விடுக என்றார் அவர். சரியே. ஆனால் அமைச்சரின் நாவிலிருந்து நீங்கிய அவ்விரப்பு, 120ஆம் பிரிவில் தமிழருக்கென்று இன்னும் எழுதியபடியே இருக்கின்றது. ஏந்துகள் வந்த பின்னும், தமிழில் பேச விரும்புபவர் முன்கூட்டியே செயலகத்திற்குச் சொல்லிவைக்க வேண்டும். இந்தியில் பேச எழுபவர் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் சொல்லடி என்பது அவ்வப்போது பிறப்பது. எதிரி ஒன்று சொன்ன நொடியில் எழுந்து மறுக்க வேண்டியது. முன்னறிவிப்புக் கொடுத்துச் சினந்தெழ எவராலும் ஆகாது. ஆதலால்தான் தமிழ் உறுப்பினர் எழுதி வந்த உரையைத் தமிழில் படித்துவிட்டு, உண்மையான சொற்போர் வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர்.

உறுதிமொழி ஏற்பது மட்டும் தமிழில் தடையின்றி நடக்கிறது. 2025 சூலை 25ஆம் நாள் கமலகாசன் தமிழில் உறுதிமொழி ஏற்றதைச் செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. மகிழத்தக்கதே. அது ஒரு நிமைய வேலை. அதன்பின் வரும் ஆறாண்டுப் பணியில் எத்துணை நாழிகை தமிழில் என்பதை எவரும் எண்ணி எழுதுவதில்லை. தமிழ்க் கட்சிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. தேர்தல் மேடையில் தமிழுக்காக உயிர் கொடுப்பவர்கள், தில்லியில் எல்லா மாநிலத்தார்க்கும் தங்கள் ஆங்கிலம் விளங்க வேண்டுமே என்ற கவலையில் அந்தச் சலுகையைக்கூடக் கேட்பதில்லை.

2025 சூலை 21ஆம் நாள் தன்கர் பொறுப்பைத் துறந்தார். செபுதம்பர்த் தேர்தலில் 452 ஒப்போலை பெற்று வென்ற சி.பி. இராதாகிருட்டிணன் அம்மாதம் 12ஆம் நாள் பொறுப்பேற்றார். அவர் திருப்பூர்க்காரர், தமிழர். தமிழர் ஒருவர் அவ்விருக்கைக்கு வந்தது முதன்முறையும் அன்று. 1984 முதல் 1987 வரை தஞ்சை மாவட்டத்துக்காரர் ஆர். வெங்கட்டராமன் அதில் அமர்ந்திருந்தார். 120ஆம் பிரிவு அன்றும் இப்படியேதான் இருந்தது. தமிழர் இருக்கையில் இருந்தார். தமிழ் இசைவுக்குக் காத்திருந்தது. எனவே இருப்பவர் எவ்வூரார் என்று பெருமை பேசுவதில் தமிழுக்கு ஆவதொன்றுமில்லை. தமிழ்நாட்டு உறுப்பினர் எழுந்து, தமிழ் அறிந்த தலைவரை ஆங்கிலத்தில் விளித்துப் பேசும் காட்சிதான் மிச்சம்.

‘இயலாத’ என்ற அச்சொல்லை அரசியலமைப்பினின்று நீக்க, ஈரவையிலும் மூன்றில் இரு பங்கினர் ஒப்பும் திருத்தம் வேண்டும். அது நெடும்போர். அதற்கு முன்பே, அவைத்தலைவர் நினைத்தால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இசைவைத் தனித்தனியே கேட்டுப் பெறும் நிலையை மாற்றி, பட்டியல் மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இசைவைத் தொடரின் முதல் நாளிலேயே இருக்கையிலிருந்து அறிவித்துவிடலாம். மொழிபெயர்ப்பாளரை முன்னறிவிப்பின்றி அவை நடக்கும் நேரம் முழுவதும் அமர்த்தி வைக்கச் செயலகத்திற்கு ஆணையிடலாம். தமிழ்நாட்டின் பதினெண் உறுப்பினரும் கட்சியை ஒரு நாள் மறந்து, இதனை ஒரே மடலாக எழுதிக் கையொப்பமிட்டு அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மடலைத் தமிழிலேயே எழுதலாம். அதைப் படிக்க அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.